நீரை நிறுத்தறிந்தவர்

நீரை ஊற்றினால் ஓடும் மோட்டார் வண்டி என்னும் பேச்சு எக்காலத்திலும் முற்றாக ஓய்ந்ததில்லை. பெற்றோலின் விலை ஏறுந்தோறும் அது தலையெடுக்கும். நீரிலே ஐதரசன் உண்டு, ஐதரசன் எரியும், ஆகவே நீரைப் பிரித்து ஐதரசனை எடுத்து அதனை எரித்து வண்டியை ஓட்டலாம், எரிந்தபின் வெளிப்படுவதும் நீரே ஆதலால் அதனையே மீண்டும் ஊற்றிக்கொள்ளலாம் என்பர். எம்மிடம் இலக்கணம் கற்க வரும் மாணவருள்ளும் சிலர் இதனைக் கேட்டதுண்டு. கேட்பதற்கு இனிய பேச்சு. இதிலே வருஞ் செய்திகள் தனித்தனியே மெய்யானவை. அவற்றைக் கோத்துச் சொல்லும் முடிபு ஒன்றே பொய்யானது. அது எவ்விடத்திலே பிழைக்கின்றது என்பதை அறிவதற்கு இக்காலப் பொறியியல் நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. மோட்டார் வண்டி என்னும் சொல்லே பிறவாத பதினெட்டாம் நூற்றாண்டிலே, பாரிசு மாநகரத்தில் வாழ்ந்த ஒருவர் நீரைப் பிரித்தும் சேர்த்தும் தராசிலிட்டு நிறுத்து இதற்கு விடை கண்டுவிட்டார். அவரே அந்துவான் இலவோசியர். புதிய இரசாயனவியலின் தந்தை என உலகம் போற்றும் பெரியார்.

இலவோசியர் 1743 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 26 ஆந் திகதி பாரிசிலே பிறந்தார். தந்தையார் பெயர்பெற்ற வழக்கறிஞர். குடும்பம் செல்வம் நிறைந்தது. ஐந்து வயதளவிலே தாயை இழந்த பிள்ளையைத் தாயாருடன் பிறந்த அம்மையார் ஒருவர் தம் மகனெனப் பேணி வளர்த்தார். மசறின் கல்லூரியிலே கல்வி பயின்றபின், குலவழி நின்று சட்டமும் கற்று 1764 இல் வழக்கறிஞருக்குரிய தகுதியைப் பெற்றார். ஆயினும் அவர் உள்ளம் நீதிமன்றத்தை நாடவில்லை. உறுவெல் என்பாரின் இரசாயன விரிவுரைகளைக் கேட்டும், கெற்றார் என்னும் நிலவியலறிஞருடன் நாடெங்குந் திரிந்து கல்லும் மண்ணும் ஆராய்ந்தும் காலங் கழித்தார். பாரிசு நகர வீதிகளுக்கு இரவிலே விளக்கேற்றும் முறை பற்றி அவர் வரைந்த கட்டுரைக்கு 1766 இல் அரசர் பொற்பதக்கம் வழங்கினார். 

1768 ஆம் ஆண்டு அவர் வாழ்க்கையின் இரு கிளைகளும் ஒருங்கே தோன்றிய ஆண்டாகும். அவ்வாண்டிலே அவர் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் உறுப்பினரானார். அவ்வாண்டிலேயே வரிக் குத்தகைக் கூட்டத்திலும் ஒரு பங்கை விலைகொடுத்து வாங்கினார். அக்காலப் பிரான்சிலே உப்பு, புகையிலை, நகருக்குள் வரும் பண்டங்கள் ஆகியவற்றின்மீது விதிக்கப்பட்ட வரிகளை அரசன் தானே தண்டுவதில்லை. செல்வர் கூட்டமொன்று அரசனுக்கு முன்பணங் கொடுத்து, வரி தண்டும் உரிமையைக் குத்தகையாகப் பெற்றுக்கொள்ளும். தண்டியதில் மிகுதி அக்கூட்டத்தாருக்கே. குடிமக்கள் அவர்களை எவ்வளவு வெறுத்தனர் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இலவோசியரின் ஆராய்ச்சிச் சாலையிலே இருந்த விலையுயர்ந்த தராசுகளும் கண்ணாடிக் கலங்களும் இந்த வருவாயினால் வந்தவையே. உப்பு வரி கொடுத்த ஏழை உழவனும் அவ்வகையால் இரசாயனவியலுக்கு உதவினான். இதனை மறைத்து அவர் வரலாற்றை எழுதுதல் நேர்மையாகாது.

வரி தண்டுந் தொழில் அவருக்குப் பொருளை மட்டும் கொடுக்கவில்லை. ஒரு பழக்கத்தையும் கொடுத்தது. இளமையிலே புகையிலை மேற்பார்வையாளராக ஊரூராகச் சென்றவர் அவர். சில்லறை வணிகர் சிலர் புகையிலையிலே சாம்பலைக் கலந்து நிறையைக் கூட்டி விற்பர். சந்தேகத்துக்குரிய புகையிலையிலே சிறிது அமிலத்தை விட்டால், சாம்பல் இருப்பின் பொங்கி நுரைக்கும். அதனாற் களவு வெளிப்படும் என அவர் கண்டார். உட்சென்ற நிறை எவ்வளவு, வெளிவந்த நிறை எவ்வளவு, இடையிலே வேறுபட்டது எங்கே போயிற்று அல்லது எங்கிருந்து வந்தது என்று கேட்பது கணக்கப்பிள்ளையின் இயல்பு. அவ்வியல்பை அவர் தம் உலைக்களத்துக்குங் கொண்டுசென்றார். அவருக்கு முன்னிருந்த இரசவாதிகளும் இரசாயனரும் நிறமும் மணமும் சுவையும் நோக்கினர். தராசு வைத்திருந்தோரும் அதனைத் தீர்ப்புக் கூறும் இடத்திலே வைக்கவில்லை.

நீரைப் பற்றி அவர் முதன்முதற் செய்த பெருஞ் சோதனையே இதற்குச் சான்று. நிலம், நீர், தீ, வளி என்பன மூலப்பொருள்கள் என்று கிரேக்க நாட்டார் வழிவந்த ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பினர். நாம் ஆகாயத்தையுங் கூட்டி ஐம்பூதம் என்போம். நீரை நெடுநேரங் காய்ச்சினால் அது மண்ணாக மாறும் என்றும் அவர்கள் கருதினர். காய்ச்சிய கலத்தினடியிலே மண்போன்ற பொடி படிவதைக் கண்ணாற் கண்டனர். இலவோசியர் 1768 ஒற்றோபர் மாதத்திலே, ஆவி வெளியேறாது மீண்டும் கலத்துக்குள்ளேயே இறங்கும்படி அமைந்த கண்ணாடிக் கலமொன்றிலே தூய நீரை இட்டு அடைத்து, 101 நாள்கள் இடைவிடாது காய்ச்சினார். பொடி தோன்றியது. கலத்தையும் நீரையும் பொடியையும் தனித்தனி நிறுத்தார். நீரின் நிறை குறையவில்லை; கண்ணாடிக் கலத்தின் நிறையே குறைந்திருந்தது. பொடி கண்ணாடியிலிருந்து கரைந்து வந்தது. நீர் மண்ணாகும் என்னும் பழங்கொள்கை அன்றோடு ஒழிந்தது.

1771 இல் அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. மணமகள் வரிக் குத்தகைக் கூட்டத்தைச் சேர்ந்த சாக்கு போல்சு என்பாரின் மகள் மரி ஆன். வயது பதினான்குகூட நிரம்பவில்லை. மணமகனுக்கு வயது இருபத்தெட்டு. இக்காலத்து நமக்கு ஒவ்வாத மணமேயெனினும், அவ்வம்மையாரின் துணையின்றி இலவோசியரின் வாழ்க்கையை நினைத்தற்கில்லை. கணவர் அறியாத ஆங்கில மொழியை அம்மையார் கற்று, இங்கிலாந்து அறிஞரின் நூல்களை மொழிபெயர்த்துக் கொடுத்தார். தாவீது என்னும் பெரும் ஓவியரிடம் ஓவியம் பயின்று கருவிகளையெல்லாம் அளவு பிசகாமல் வரைந்தார். சோதனை நிகழும்போது அருகிருந்து எண்களைக் குறித்தவரும் அவரே. அத்தாவீது 1788 இல் தீட்டிய இருவரின் திருவுருவமும் இன்று நியூயோர்க்கு மாநகரக் கலைக்கூடத்தில் உள்ளது. அதிலே கணவர் எழுதுகோலேந்தி மனைவியாரை அண்ணாந்து நோக்குகின்றார்.

1775 இல் அரசின் வெடிமருந்து நிருவாகத்துக்கு அவர் பொறுப்பாளருள் ஒருவரானார். பாரிசின் படைக்கலச் சாலையிலே வீடும் ஆராய்ச்சிக் கூடமும் அமைந்தன. விடியற்காலை சில மணியும் இரவு சில மணியும் ஆராய்ச்சிக்கென ஒதுக்கினார். வாரத்தில் ஒரு நாளை முழுவதும் அதற்கே கொடுத்தார். பொருள் எரிவது எதனால் என்பதே அவர் எடுத்துக்கொண்ட வினா. எரியும் பொருளிலிருந்து புளோசித்தன் என்னும் ஒன்று வெளியேறுகின்றது என்பது அந்நாளைய கொள்கை. அவ்வாறாயின் எரிந்தபின் நிறை குறையவேண்டும். கந்தகமும் பொசுபரசும் எரிந்தபின் நிறை கூடுவதை இலவோசியர் 1772 இலேயே கண்டிருந்தார். 1774 இல் இங்கிலாந்திலிருந்து வந்த பிரீசுட்லி என்பார், தாம் புதிதாகப் பெற்ற வளியிலே மெழுகுதிரி மிக்க ஒளியுடன் எரிந்ததை விருந்தொன்றிலே இலவோசியருக்கு எடுத்துரைத்தார். அவ்வளியின் பொருளைப் பிரீசுட்லி அறியவில்லை, கேட்டவரே அறிந்தார். எரிதல் என்பது ஒரு பொருள் அவ்வளியோடு கூடுதலேயன்றி வேறில்லை என்பது சில ஆண்டுகளில் நிலைநாட்டப்பட்டது. ஒட்சிசன் என அவர் பெயரிட்டது இதற்கே.

இனி நீரின் கதைக்கு வருவோம். உலோகத்தின்மீது அமிலத்தை வார்த்தால் எழும் எரிவளியை 1766 இல் தனிப்பொருளென ஆராய்ந்து காட்டியவர் இங்கிலாந்தின் கவண்டிசு பிரபு மரபினர் ஒருவர். என்றி கவண்டிசு என்னும் அவர் பெருஞ் செல்வர். மனிதரோடு பேச அஞ்சும் இயல்பினர். அவர் 1781 முதல் எரிவளியையுஞ் சாதாரண வளியையும் மின்பொறியால் வெடிப்பித்து, விளைவது தூய நீரே எனக் கண்டார். ஆனால் வெளியிடாது நெடுநாள் தாமதித்தார். இலவோசியரோ அந்நாள்களில் எரிவளியை எரித்தால் அமிலம் பிறக்குமென எதிர்பார்த்துத் தேடித் தேடிக் களைத்திருந்தார். 1783 யூன் மாதத்திலே கவண்டிசின் உதவியாளராகிய பிளாக்டன் பாரிசுக்கு வந்து செய்தியைச் சொன்னார். உடனே இலவோசியரும் இலாப்பிளாசு என்னும் கணித மேதையும் அம்மாதம் 24 ஆந் திகதி அச்சோதனையைத் தாமே செய்து, மறுநாளே விஞ்ஞானக் கழகத்துக்கு அறிவித்துவிட்டனர். கவண்டிசுக்கு உரிய பெருமையை அவ்வறிவிப்பு நிறைவாகக் கொடுக்கவில்லை. பிரீசுட்லி விடயத்திலும் அவ்வாறே நிகழ்ந்தமையால் இதனைத் தற்செயலென்று விடுவதற்கில்லை. நிறையிலே அணுவளவும் பிசகாத மனிதர் பிறர்க்குரிய புகழை அளப்பதிலே கைதளர்ந்தார். எனினும் ஒன்று கூறவேண்டும்: கவண்டிசு தாம் கண்டதைப் புளோசித்தன் கொள்கையால் விளக்க முயன்றார், நீர் மூலப்பொருளன்று, இரண்டின் கூட்டு எனத் துணிந்துரைத்தவர் இலவோசியரே.

சேர்த்துக் காட்டினாற் போதாது, பிரித்தும் காட்டவேண்டும். அதற்கு வானத்திலிருந்து ஒரு வாய்ப்பு வந்தது. 1783 ஓகஸ்ட் 27 ஆந் திகதி பாரிசிலே சார்ல்சு என்னும் பேராசிரியர் எரிவளி நிரப்பிய பலூனைப் பறக்கவிட்டார். அது கொனெசு என்னும் சிற்றூரிலே இறங்க, ஊரார் பூதமெனப் பயந்து குத்திக் கிழித்தனர். அவ்வொரு பலூனை நிரப்புதற்கு ஏறத்தாழ ஆயிரம் இறாத்தல் இரும்பும் ஐந்நூறு இறாத்தல் கந்தகவமிலமும் செலவாயின. எரிவளியை மலிவாகப் பெற வழியென்ன என்று ஆராயும் பணி இலவோசியரிடம் வந்தது. நீரிலிருந்து எரிவளி எடுத்து வாகனம் ஓட்டலாமா என்னும் இன்றைய வினாவின் மூத்த வடிவம் இதுவே. அன்று வாகனம் வானத்திலே சென்றது, அவ்வளவே வேறுபாடு.

மெனியே என்னும் இளம் படைப் பொறியியலாளரைத் துணைக்கொண்டு, துப்பாக்கிக் குழலொன்றை உலையிலே செஞ்சூடேற்றி அதனூடே நீரைத் துளித்துளியாகச் செலுத்தினார். மறுமுனையால் எரிவளி வந்தது. குழலின் உட்புறத்து இரும்பு, கொல்லன் உலைக்களத்திலே காய்ச்சியடித்த இரும்பிலிருந்து உதிருஞ் செதில்போலக் கறுத்துப் பொருக்காயிற்று. அதன் நிறையும் கூடியிருந்தது. நூறு பங்கு நீரிலே 85 பங்கு ஒட்சிசன் இரும்போடு கூடியது. 15 பங்கு எரிவளியாக வெளிவந்தது என்று கணக்கிட்டார். இன்றைய கணக்கு 89 க்கு 11 என்னும் அளவு. வேறுபாடு உண்டெனினும் அந்நாளைய கருவிகளுக்கு அது சிறிதே.

1785 பெப்ருவரி 27, 28 ஆந் திகதிகளிலே படைக்கலச் சாலையில் முப்பதுக்கு மேற்பட்ட அறிஞர் சூழ்ந்திருக்க நீரைப் பிரித்தலும் மீண்டும் சேர்த்தலுமாகிய பெருஞ் சோதனை நிகழ்ந்தது. வளிகளை அளந்து செலுத்துதற்கு மெஞியே என்னும் கருவித் தொழிலாளர் செய்த பெரிய வளிமானிகள் பயன்பட்டன. புகுந்த நிறையும் வெளிவந்த நிறையும் ஒத்துநின்றன. பார்த்தோர் பலர் பழங்கொள்கையைக் கைவிட்டனர். பிரீசுட்லி மட்டும் 1804 இல் அமெரிக்காவிலே இறக்கும்வரை ஏற்றுக்கொள்ளவில்லை.

1787 இல் இலவோசியரும் வேறு மூவரும் இரசாயனப் பொருள்களுக்குப் புதுப்பெயர் வகுத்த நூலை வெளியிட்டனர். எரிவளி ஐதரசன் ஆயிற்று; நீரைப் பிறப்பிப்பது என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். இலக்கணம் கற்பிக்கும் எமக்கு இவ்விடத்தைக் கடந்துசெல்ல மனம் வரவில்லை. ஐதரசன் உண்மையான காரணப்பெயர். அது எரிந்தால் நீர் பிறப்பது திண்ணம். ஒட்சிசன் என்பதற்கு அமிலத்தைப் பிறப்பிப்பது என்பது பொருள். எல்லா அமிலத்திலும் அது உண்டென்று அவர் எண்ணினார். உப்பிலிருந்து பெறும் ஐதரோக்குளோரிக்கமிலத்திலே ஒட்சிசன் இல்லையென்பது பின்னர்த் தெளிந்தது. காரணம் பொய்த்துவிட்டமையால் அப்பெயர் இன்று இடுகுறியாய் நிற்கின்றது. பெயரைக் கேட்ட அளவிலே பொருளியல்பை முடிவுசெய்வோர்க்கு இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டலாம்.

இப்போது மோட்டார் வண்டியின் வினாவைத் தொடலாம். 1782, 1783 ஆம் ஆண்டுகளின் குளிர்காலத்திலே இலவோசியரும் இலாப்பிளாசும் வெப்பத்தை அளக்க ஒரு கலம் செய்தனர். பொருளொன்றைப் பனிக்கட்டி சூழ்ந்த அறையினுள்ளே எரித்து, உருகி வழியும் நீரை நிறுத்து வெப்பத்தைக் கணித்தனர். வெப்பத்துக்கும் தராசு கண்டார் எனலாம். ஓர் இறாத்தல் கரி எரிந்தால் 96½ இறாத்தல் பனிக்கட்டி உருகும். ஓர் இறாத்தல் ஐதரசன் எரிந்தால் ஏறத்தாழ 295½ இறாத்தல் உருகும் என்பது அவர் தந்த கணக்கு. ஐதரசனுக்கு இன்று நாம் அறிந்த அளவில் இது பத்தில் ஏழு பங்கே. ஆயினும் நிறைக்கு நிறை நோக்கின் ஐதரசன் கரியினும் பன்மடங்கு வலிய எரிபொருள் என்பதை அது அன்றே காட்டிற்று. அதனினும் பெரிய செய்தியொன்றை அவ்விருவரும் உடன் வகுத்தனர். ஒரு மாற்றத்திலே எவ்வளவு வெப்பம் வெளிப்படுகின்றதோ, அம்மாற்றத்தைத் திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவர அவ்வளவு வெப்பமே உட்செல்லவேண்டும் என்பது அது.

வண்டியின் பொய் உடைவது இங்கேதான். நீர் என்பது ஐதரசன் எரிந்து முடிந்த சாம்பல். விறகு எரிந்த சாம்பலை மீண்டும் அடுப்பிலிட்டுச் சோறு சமைப்பார் இல்லை. சாம்பலைத் திரும்ப விறகாக்க வல்லார் ஒருவர் இருப்பினும், அவ்விறகு எரியும்போது கொடுத்த வெப்பம் முழுவதையும் முதலிலே அவர் கொடுத்தாக வேண்டும். வண்டிக்குள்ளேயே நீரைப் பிரித்து, வண்டிக்குள்ளேயே எரித்து, அந்த வலியினாலேயே மீண்டும் நீரைப் பிரிப்பது, கடன் வாங்கி அக்கடனையே வருவாயென எழுதும் கணக்காகும். இலவோசியரின் துப்பாக்கிக் குழலை நினைவு கூர்க. நீர் சும்மா பிரியவில்லை. இரும்பு தன்னைப் பலிகொடுத்தது. உலையிலே கரியும் எரிந்தது. அலுமினியத்தைக் கரைத்து நீரிலிருந்து ஐதரசன் எடுத்துக் காட்டுவோர் இக்காலத்திலும் உளர். அங்கே செலவாகும் எரிபொருள் அலுமினியமே, நீரன்று. அந்த அலுமினியத்தைக் கனியத்திலிருந்து பிரிக்க ஏற்கெனவே பெருமளவு மின்சாரம் செலவாகியிருக்கும். 1996 இல் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்திலே நீரால் ஓடும் வண்டி எனக் கூறிப் பணம் பெற்ற ஒருவர் மோசடி செய்தார் என நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆயின் நீரிலிருந்து பெற்ற ஐதரசனால் மோட்டார் வண்டி ஓடாதா? ஓடும். வேறெங்கோ வெயிலாலோ காற்றாலோ அருவியாலோ பெற்ற மின்சாரத்தைக்கொண்டு நீரைப் பிரித்து, ஐதரசனைக் கலத்திலடைத்து வண்டியில் ஏற்றினால் ஓடும். மின்சாரத்தால் நீரைப் பகுக்கும் முறை 1800 இல் இங்கிலாந்திலே கண்டறியப்பட்டது. 1807 இல் இசாக்கு தெ இறிவாசு என்பார் ஐதரசனை மின்பொறியால் வெடிப்பித்து ஓட்டும் இயந்திரத்துக்கு உரிமை பெற்று, அதனை வண்டியொன்றிற் பூட்டியும் காட்டினார். பெற்றோல் வண்டிக்கு அது மூத்தது. 2014 இல் யப்பானியர் விற்பனைக்கு விட்ட மிராய் என்னும் தொயோட்டா வண்டியிலே ஐதரசன் வெடிப்பதில்லை. எரிபொருட் கலத்திலே ஒட்சிசனோடு கூடி மின்சாரத்தைத் தந்து, நீராகச் சொட்டுகின்றது. ஒரு கிலோகிராம் ஐதரசனுக்கு அத்தகைய வண்டி ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஓடும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோகிராம் ஐதரசனைப் பெறுவதற்கு 9 கிலோகிராம் நீர் வேண்டும்; நீருக்கு ஆகுஞ் செலவு அற்பம். மின்சாரமோ, எவ்வித இழப்பும் இல்லையென வைத்துக்கொண்டாலும் 39 அலகுக்குக் குறையாது. நடைமுறையிலே 50 முதல் 55 அலகு வரை ஆகும். அந்த ஐதரசன் சாதாரண நிலையிலே 11 கனமீற்றருக்கு மேற்பட்ட இடத்தை அடைக்கும். ஒரு சிற்றறை முழுவதும் பிடிக்கும். ஆதலால் வளிமண்டலத்தைப் போல் 700 மடங்கு அமுக்கத்திலே திணித்து அடைக்கின்றனர். அதற்கும் மின்சாரம் வேண்டும். ஈற்றிலே சக்கரத்தைச் சேர்வது, முதலிற் கொடுத்ததில் மூன்றிலொரு பங்கு அல்லது அதனினும் குறைவு. அதே மின்சாரத்தை நேரே மின்கலத்திலே சேமித்து ஓடும் வண்டி இரு மடங்குக்கு மேற்பட்ட தூரம் செல்லும். உலகிலே இன்று உண்டாக்கப்படும் ஐதரசனிற் பெரும்பங்கு நீரிலிருந்தன்றி இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்துமே எடுக்கப்படுகின்றது என்பதும் இக்கணக்கின் விளைவே. நெடுந்தூரம் செல்லும் பாரவண்டிகளுக்கும், மின்சாரத்தை நாட்கணக்கிற் சேமித்து வைப்பதற்கும் ஐதரசன் உதவலாம் என ஆராய்வோரை நாம் ஏளனஞ் செய்யவேண்டியதில்லை. அவர்கள் ஐதரசனைச் சத்தியைச் சுமக்கும் கூலியாளாகக் கொள்கின்றனர். சத்தியைப் பிறப்பிக்கும் ஊற்றாகக் கொள்ளவில்லை.

இவ்வளவு தெளிந்த இலவோசியர் வெப்பம் யாதென்பதிலே தவறினார். கலோரிக்கு என்னும் நிறையற்ற பாய்பொருள் ஒன்று உண்டென்றும் அதுவே வெப்பமென்றும் கருதினார். 1789 இல் வெளியான அவருடைய பெருநூலிலே 33 எளிய பொருள்களின் அட்டவணை உண்டு. அதன் தலையிலே ஒளியும் கலோரிக்கும் அமர்ந்திருக்கின்றன. கொள்கை பிழை, கணக்கு மெய். புகுந்ததும் வெளிவந்ததும் ஒத்தல் வேண்டும் என்னும் பிடியை அவர் விடாதிருந்தமையால், பொருள் வேறாகியும் கணக்கு நிலைத்தது.

அந்நூல் வெளிவந்த ஆண்டிலே பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. இலவோசியர் கொடுமனத்தர் அல்லர். 1788 இல் புளுவா நகரத்தார் பஞ்சத்தால் வாடியபோது தானியம் வாங்கத் தம் பணத்தை முன்னின்று உதவினார். பிறெசின் என்னும் தம் பண்ணையிலே உழவைச் சீர்திருத்த முயன்றார். ஆயினும் வரிக்கு ஒளித்துப் பண்டங் கடத்துவோரைத் தடுக்கப் பாரிசைச் சுற்றி மதில் எழுப்பும் யோசனை அவருடையது. அம்மதிலை நகரத்தார் மறக்கவில்லை. தீயைப் பற்றி மாரா என்பார் எழுதிய நூலுக்கு விஞ்ஞானக் கழகத்தின் மதிப்பு முன்னர்க் கிட்டாமற் போயிருந்தது. அந்த மாரா இப்போது புரட்சியின் பெருங்குரலாகி, 1791 இல் இலவோசியரைத் தம் பத்திரிகையிலே கடுமையாகத் தாக்கினார். அவ்வாண்டிலே வரிக் குத்தகை ஒழிக்கப்பட்டது. 1793 ஓகஸ்டிலே விஞ்ஞானக் கழகமும் கலைக்கப்பட்டது. புதிய நிறையளவை வகுப்பதற்காகக் குறித்த கனவளவு நீரின் நிறையை அவ்வாண்டிலே அயூயி என்பாருடன் சேர்ந்து துணிந்தவரும் இலவோசியரே. பிற்காலத்துக் கிலோகிராமின் தொடக்கம் அது. நவம்பர் மாத ஈற்றிலே அவர் சிறையில் இருந்தார்.

வரிக் குத்தகையாளர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று, மக்களுக்கு விற்ற புகையிலையிலே அளவுக்கு மேல் நீர் கலந்தனர் என்பது. நீர் இன்னதென உலகுக்குக் காட்டியவரை நீர் கலந்தாரென்று நிறுத்தினர். அக்கூட்டத்திலே முன்பு ஊழியஞ் செய்த துப்பேன் என்பாரே குற்றப் பத்திரம் வகுப்பதில் முன்னின்றார். சிறையிலிருந்தும் இலவோசியர் எதிர்க்கணக்கு எழுதினார். சாட்டப்பட்ட தொகைகளை ஒவ்வொன்றாக மறுத்துக் காட்டினார். அக்கணக்கைப் படிப்பார் இல்லை. 1794 மே 8 ஆந் திகதி காலையில் வழக்கு. மாலையிலே கில்லட்டின் என்னும் தலைவெட்டுப் பொறி. இருபத்தெண்மர் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்பட்டனர். மூன்றாமவர் மாமனார் போல்சு, நான்காமவர் இலவோசியர். குடியரசுக்கு அறிஞர் தேவையில்லை என்னும் கருத்தில் நீதிபதி ஏதோ மொழிந்தார் என்று பின்னாளில் ஒரு கதை வழங்கலாயிற்று. அதற்குத் தக்க ஆதாரம் இல்லை. வரிக் குத்தகையாளர் என்னும் முறையிலேயே அவர் இறந்தார். அவர் செய்த விஞ்ஞானம் அவரைக் கொல்லவும் இல்லை, காக்கவும் இல்லை. அவரோடு ஆராய்ந்த நண்பருள் அதிகாரத்தில் இருந்தோர் சிலர் வாய்திறவாதிருந்தனர் என்பது மட்டும் நெஞ்சை உறுத்துகின்றது.

தந்தையையும் கணவரையும் ஒரே மாலையிலே இழந்த மரி ஆன் அம்மையாரும் சில வாரங்கள் சிறையிருந்தார். பறிக்கப்பட்ட நூல்களும் கருவிகளும் பின்னர்த் திரும்பக் கிடைத்தன. அநீதியாகத் தண்டிக்கப்பட்டவரின் மனைவியார் என்றே அரசின் கடிதம் அவரைக் குறிப்பிட்டது. கணவர் சிறையிலே தொகுக்கத் தொடங்கிய ஆராய்ச்சிக் கட்டுரைகளை அம்மையார் அச்சேற்றி அறிஞருக்கு வழங்கினார். பத்தாண்டு கழிந்தபின் இரம்போர்டு பிரபுவை மறுமணஞ் செய்தார். மியூனிச்சு நகரிலே பீரங்கி துளைக்கும்போது எல்லையின்றி வெப்பம் எழுவதைக் கண்டு, வெப்பம் ஒரு பொருளன்று, இயக்கத்தின் வடிவே என்று 1798 இல் எழுதி, முதற் கணவரின் கலோரிக்குக் கொள்கையை அசைத்தவர் அந்த இரம்போர்டு! அம்மணம் நிலைக்கவில்லை, 1809 இல் பிரிந்தனர். இலவோசியர் என்னும் பெயரை மட்டும் அம்மையார் 1836 இல் இறக்கும்வரை விடவேயில்லை. அவர் காத்துவைத்த தராசுகளும், நீரை ஆக்கிக் காட்டப் பயன்பட்ட வளிமானிகளும் பாரிசிலுள்ள கலை கைத்தொழில் நூதனசாலையிலே இன்றும் இருக்கின்றன.